பட்டறை முதலில், கடை பிறகு

புதிய கேமிங் கருவி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு முதல் நாளிலேயே ஒரு முடிச்சு காத்திருக்கிறது. கேம்கள் இல்லாத கருவியை யாரும் வாங்கமாட்டார்கள். வாங்கியவர்கள் இல்லாத கருவிக்கு யாரும் கேம் எழுதமாட்டார்கள். பெரிய நிறுவனங்கள் இம்முடிச்சைப் பணத்தால் அவிழ்க்கின்றன: சொந்த ஸ்டுடியோக்களை வைத்துக்கொண்டு முதல் பத்துக் கேம்களைத் தாமே செய்துவிடுகின்றன. அவ்வளவு பணம் இல்லாத நிறுவனம் வெளியில் இருக்கும் தனி ஆட்களையும், இருவர் மூவர் கொண்ட குழுக்களையும், அதாவது இண்டி உருவாக்குநர்களை, எப்படியாவது வரவழைத்தாக வேண்டும்.

அப்படி வரவழைத்த வேலைகளுள் செய்நேர்த்தி மிக்கது 'பிளேடேட்' என்ற கையடக்கக் கருவியினுடையது. செய்தது அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்துப் பானிக் நிறுவனம். நெடுங்காலம் மேக் கணினிகளுக்கு மென்பொருள் எழுதிவந்தவர்கள். பிறகு 'ஃபயர்வாட்ச்' (2016), 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்' (2019) என்னும் இரண்டு இண்டி கேம்களை வெளியிட்டுப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் செய்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு படியையும் ஓர் அளவுகோலால் அளக்கிறேன்: கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியத்தில், பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியும் கைப்பேசி இணையமும் மட்டுமே உள்ள ஒருவர் அந்தப் படியில் ஏற முடியுமா?

முதல் படி, கருவியைச் சிறிதாக்குவது. பிளேடேட்டின் அகலம் 76 மில்லிமீட்டர், உயரம் 74, தடிமன் 9. எடை 86 கிராம். சட்டைப்பையில் அடங்கும். திரை 2.7 அங்குலம், குறுக்கே 400 புள்ளிகள், நெடுக்கே 240. ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை; சாம்பல் நிறம்கூட இல்லை. திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. செயலி 168 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 16 மெகாபைட், சேமிப்பு 4 ஜிகாபைட். ஒரு திசைப் பொத்தான், இரண்டு செயல் பொத்தான்கள், சாய்வை உணரும் உணரி. வலப்பக்கம் மடக்கி வைக்கக்கூடிய ஒரு சுழல் கைப்பிடி. கருவியின் வடிவமைப்பில் ஸ்டாக்ஹோமின் டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனம் பங்கேற்றது. கைப்பிடி அவர்கள் தந்த யோசனை.

இந்த எண்களை வாங்குபவர் பார்த்தால் குறைகளாகத் தெரியும். உருவாக்குபவர் பார்த்தால் மிச்சமாகும் உழைப்பாகத் தெரியும். 400 புள்ளியை 240-ஆல் பெருக்கினால் 96,000 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் முழுத் திரையும் 12,000 பைட்டுக்குள் முடிந்துவிடுகிறது. நிறம் தீட்ட ஓவியர் தேவையில்லை. முப்பரிமாண உருவங்கள், ஒளி, நிழல் எதற்கும் ஆள் தேட வேண்டியதில்லை. பெரிய ஸ்டுடியோவின் கேம் அருகில் வந்து நின்று நம் கேமை ஏழையாகக் காட்டும் என்ற அச்சமும் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கும் அதே கறுப்பு வெள்ளைதான். ஒருவர் தனியே சில மாதங்களில் முடிக்கக்கூடிய அளவுக்கு வேலையைக் குறுக்கியதே பானிக் விரித்த முதல் அழைப்பு. கைப்பிடி இரண்டாவது அழைப்பு: வேறு எந்தக் கருவியிலும் இல்லாத ஓர் உறுப்பு. அதைக் கண்டவுடன் கேம் செய்பவரின் கை சும்மா இருப்பதில்லை.

இரண்டாம் படி, பெயர் பெற்ற சிலரை முதலில் அழைத்துவருவது. 2019 மே மாதம் கருவியை அறிவித்தபோதே கெய்ட்டா தகஹாஷி, பென்னட் ஃபாடி, ஸாக் கேஜ், ஷான் இன்மன் ஆகியோரின் பெயர்களும் உடன் வந்தன. இண்டி உலகில் இந்த நால்வரும் அறியப்பட்டவர்கள். அவர்கள் நம்பிய கருவி என்ற எண்ணம் மற்றவர்களுக்கு வரும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. எந்த நிறுவனமும் செய்வதே. விரைந்து அடுத்ததற்குப் போகலாம்.

மூன்றாம் படி, வாங்குவோர் இருக்கிறார்கள் என்று காட்டுவது. 2021 ஜூலையில் 179 டாலர் விலையில் முன்பதிவு தொடங்கியது. முதல் 20,000 கருவிகளுக்குச் சுமார் 20 நிமிடங்களில் ஆள் சேர்ந்துவிட்டது. கேம் எழுதலாமா என்று தயங்கியவர்களுக்கு அந்த எண்ணே பதில். இடையில் ஒரு தடங்கலும் வந்தது: செய்து முடித்த முதல் 5,000 கருவிகளின் மின்கலங்களில் பழுது கண்டு, அவற்றை மாற்றுவதற்காகத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 2021 இறுதியில் கைக்கு வரவேண்டிய கருவி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று.

நான்காம் படியில்தான் வேலையின் நேர்த்தி முழுதாகத் தெரிகிறது. வாங்கியவர்களுக்குக் கருவியை அனுப்பத் தொடங்கிய நாள் 2022 ஏப்ரல் 18. அதற்குச் சில வாரங்கள் முன்பே, அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, கேம் செய்யும் கருவித்தொகுப்பை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, இரகசிய ஒப்பந்தம் இல்லை. கடையைத் திறக்குமுன் பட்டறையைத் திறந்த இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கருவியை வாங்கியவர் பெட்டியைப் பிரிக்கும்போது, இணையத்தில் யாரோ ஒருவர் தாம் செய்த கேமை ஏற்கெனவே வைத்திருப்பார்.

பட்டறைக்கு இரண்டு வாசல்கள். சிறிய வாசலின் பெயர் பல்ப். இணைய உலாவியிலேயே இயங்குவது. எதையும் கணினியில் நிறுவத் தேவையில்லை, ஓர் இலவசக் கணக்கு போதும். எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சதுர ஓடுகளை முதலில் வரைய வேண்டும். அகலத்தில் 25, உயரத்தில் 15 என்று அவற்றை அடுக்கினால் ஓர் அறை. அப்படி அடுக்கியது 200-க்கு 120 புள்ளி. கருவி அதை இரண்டு மடங்காக்கித் திரை முழுவதும் காட்டும். ஆட்டக்காரர், சுவர், எடுக்கும் பொருள் என ஓடுகளுக்கு இயல்பு கொடுக்கலாம். ஒலியும் இசையும் அமைக்கும் பலகைகள் அதே பக்கத்தில் இருக்கின்றன. நிரல் எழுதியே பழகாதவர் ஒரு மாலையில் நடமாடும் ஓர் ஆளையும் மூன்று அறைகளையும் செய்துவிட முடியும். ரிஷிவந்தியத்து மடிக்கணினி இதற்கு ஈடுகொடுக்கும். முழுத் திட்டத்தில் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் பல்ப்பையே சொல்வேன். கேம் செய்ய ஆசைப்பட்ட ஒருவரைக் கேம் செய்தவராக மாற்றும் தொலைவை அது அவ்வளவு குறைத்துவிட்டது.

பெரிய வாசல் முழுக் கருவித்தொகுப்பு. இதில் எழுதும் மொழி லூவா. 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த எளிய மொழி. வேகம் வேண்டுவோர் சி மொழியிலும் எழுதலாம். கூடவே வருவது சிமுலேட்டர்: கருவியைக் கணினித் திரையில் அப்படியே காட்டும் நிரல். கைப்பிடியைச் சுட்டியால் சுழற்றலாம். கருவி கையில் இல்லாதவரும் கேமைப் பெரும்பாலும் முடித்துவிட இதுவே வழி.

வேலை எப்படிப் போகும் என்பதற்கு நம் பக்கத்துப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி கரும்பு விளையும் மாவட்டம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. சாலையோரத்தில் கையால் சுற்றும் கரும்புச்சாறு இயந்திரமும் எல்லாரும் கண்டதே. பிளேடேட்டின் கைப்பிடிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது.

முதலில் ஒரு கோப்புறை. அதற்குள் மெயின் என்ற பெயரில் லூவா கோப்பு ஒன்று. கேமின் பெயர், செய்தவர் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக எழுதிய தகவல் கோப்பு ஒன்று. அடுத்து ஓவியங்கள். உருளை சுழல்வதைக் காட்டக் கருவி ஒரே படத்தை ஒவ்வொரு முறையும் திருப்பி வரைந்தால் செயலிக்குச் சுமை கூடும். ஆகவே 30 பாகைக்கு ஒன்றாக 12 படங்களை முன்கூட்டியே வரைந்து ஒரே கோப்பில் அடுக்கிவிட வேண்டும். அக்கோப்பின் பெயரிலேயே ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எண்ணாக எழுதிவிட்டால், வெட்டிப் பிரிக்கும் வேலையைக் கருவித்தொகுப்பே பார்த்துக்கொள்ளும். உருளையின் வளைவைக் காட்டச் சாம்பல் நிறம் இல்லாததால், கறுப்புப் புள்ளிகளை ஓரத்தில் நெருக்கியும் நடுவில் விலக்கியும் இட வேண்டும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் உருண்டையாகத் தெரியும்.

பிறகு கணக்கு. திரை இயல்பாக நொடிக்கு 30 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் நம் நிரல், கைப்பிடி சென்ற முறையிலிருந்து எத்தனை பாகை நகர்ந்தது என்று கேட்கும். 360 பாகைக்குக் கரும்பு 40 புள்ளி உள்ளே போகட்டும். கரும்பின் நீளம் 320 புள்ளி என்றால் எட்டுச் சுற்றில் முழுக் கரும்பும் பிழிந்து முடியும். ஒரு புதுப்பிப்பில் 24 பாகைக்கு மேல் நகர்ந்தால், அதாவது நொடிக்கு இரண்டு சுற்றைத் தாண்டினால், உருளை சிக்கிக்கொள்ளும் என்று வைக்கலாம். பின்னோக்கிச் சுற்றினால் பாகை கழித்தல் குறியோடு வரும். கரும்பு வெளியே வரும். கடைக்காரர் பிழிந்த கரும்பை மடித்து, நடுவில் இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து மீண்டும் கொடுப்பது வழக்கமல்லவா? அதற்கு ஒரு பொத்தான். இரண்டாம் முறை சாறு பாதியாகவும் மூன்றாம் முறை கால்வாசியாகவும் குறையட்டும். எப்போது நிறுத்திச் சக்கையை எறிவது என்பதே ஆட்டம். கைப்பிடியை மடக்கியபடி யாராவது கேமைத் தொடங்கினால், அதை வெளியே எடுக்கச் சொல்லும் குறிப்புப் படம் கருவித்தொகுப்பிலேயே தயாராக இருக்கிறது. அதை அழைக்க ஓரிரு வரி போதும். ஒலிக்கும் கோப்புத் தேவையில்லை. உள்ளேயே இருக்கும் ஒலியாக்கியைக் கொண்டு உருளையின் கிறீச்சொலியை, சுற்றும் வேகத்துக்கு ஏற்ப உயர்த்தியும் தாழ்த்தியும் எழுப்பலாம்.

இறுதியில் தொகுப்பான். ஒரே கட்டளையில் கோப்புறை முழுவதையும் கருவி படிக்கும் வடிவுக்கு மாற்றித் தந்துவிடும். சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: சிமுலேட்டர் கணினியின் வேகத்தில் ஓடுகிறது, 168 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அதே கேம் திணறக்கூடும். கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை சோதித்த பிறகே வெளியிட வேண்டும். கருவியின் முகப்பில் தெரிய 350-க்கு 155 புள்ளியில் ஓர் அட்டைப் படமும் வேண்டும். கடைசி நாளில் அவசரமாக வரைவதாலோ என்னவோ, பல நல்ல கேம்களுக்கு இந்த அட்டை மோசமாகவே அமைந்துவிடுகிறது.

ஐந்தாம் படி, வாயிற்காப்போனை நீக்குவது. விற்கப்பட்ட ஒவ்வொரு பிளேடேட்டும் உருவாக்குநரின் சோதனைக் கருவியாகவும் பயன்படும். செய்த கேமைக் கம்பி வழியே கணினியிலிருந்து ஏற்றலாம். அல்லது பிளேடேட் தளத்தில் தம் கணக்கில் பதிவேற்றினால் கருவி கம்பியில்லா இணைப்பில் இறக்கிக்கொள்ளும். பானிக் நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இட்ச் போன்ற தளத்தில் கேமை வைத்து, விலை குறித்தோ குறிக்காமலோ யாருக்கும் விற்கலாம்.

இதன் மதிப்பை உணரப் பழைய வழக்கத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். நின்டெண்டோ 2013 வரை, தன் கருவிக்குக் கேம் செய்பவர் வீட்டிலிருந்து தனித்த ஓர் அலுவலகம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. வீட்டுக் கூடத்தில் வேலை செய்பவர் விண்ணப்பிக்கவே இயலாது. அவ்விதியை நீக்கினார்கள். 2017-இல் ஸ்விட்ச் வந்தபோது, முன்பு ஆயிரக்கணக்கான டாலர் விலையில் இருந்த உருவாக்குநர் கருவியின் விலையைச் சுமார் 50,000 யென்னாகக் குறைத்தார்கள். யூனிட்டி போன்ற பழகிய கேம் எஞ்சின்கள் தொடக்கத்திலேயே அதில் ஓடின. 'ஸ்டார்டியூ வேலி', 'செலெஸ்ட்' போன்ற இண்டி கேம்கள் முதல் ஓராண்டுக்குள் அங்கே வந்து குவிந்ததற்கு இந்தச் சிறு மாற்றங்களும் காரணம். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் (2022) வேறு வழியில் சென்றது: ஸ்டீமில் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் கேம்களை மாற்றி எழுதாமலே ஓட்டும் ஏற்பாட்டைக் கருவிக்குள் வைத்துவிட்டது. உருவாக்குநர் செலுத்துவது ஒரு கேமுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அதுவும் திரும்பும். பிளேடேட்டுக்கு அந்த நூறும் இல்லை.

ஆறாம் படி, முதல் அறுவடையைப் பங்கிட்ட முறை. கருவி வாங்கியவருக்கு 24 கேம்கள் விலையோடு சேர்ந்தே வந்தன. ஆனால் மொத்தமாக அல்ல. வாரத்துக்கு இரண்டாக 12 வாரங்கள். முதல் வாரம் 'ஒயிட்வாட்டர் வைப்அவுட்', 'கேஷுவல் பேர்டர்' என்ற இரண்டும் இறங்கின. எல்லாருக்கும் ஒரே வரிசையில் அதே கேம்கள். எனவே அறியப்படாத ஒருவர் செய்த கேமும் ஒரு வாரம் வாங்கிய ஒவ்வொருவரின் முன்னும் வந்து நின்றது. கடை அலமாரியின் அடியில் கிடந்து மறக்கப்படும் விதி அந்த 24 கேம்களுக்கு நேரவில்லை. எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது: பிடிக்காத கேம் இரண்டு அடுத்தடுத்து வந்தால் வாங்கியவர் கருவியை மேசைக்குள் போட்டுவிடக்கூடும். ஆனாலும் உருவாக்குநரின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட நல்ல அரங்கேற்றம் கிடைக்காது.

ஏழாம் படியாகத்தான் கடை வந்தது. 2023 மார்ச்சில் கேட்டலாக் என்ற பெயரில் கருவிக்குள்ளேயே திறந்தார்கள். இங்கே மட்டும் தேர்வு உண்டு: உருவாக்குநர் கேமை அனுப்ப வேண்டும், பானிக் பார்த்து எடுத்துக்கொள்ளும். தேர்வு பெறாதவருக்கும் ஐந்தாம் படியில் திறந்த வழி மூடப்படவில்லை. ஓராண்டு இடைவெளியில் வெளியே விற்றுப் பழகிய கேம்கள் நிறைய இருந்ததால், கடை திறந்த நாளில் வெற்று அலமாரியாக நிற்கவில்லை. அதன்பின் வந்தவை கிளைகள்: 2024 மார்ச்சில் லூகாஸ் போப்பின் 'மார்ஸ் ஆஃப்டர் மிட்நைட்', 2025 மே இறுதியில் தொடங்கிய இரண்டாம் பருவத்தின் 12 கேம்கள்.

நம் அளவுகோலுக்கு இனி ஒரு தடை மீதமிருக்கிறது. அது தமிழ் எழுத்து. கருவியின் இயங்குதளம் பேசுவது ஆங்கிலமும் ஜப்பானியமும். பல்ப்பின் எழுத்துப் பலகை ஆங்கிலத்துக்கானது. எட்டுப் புள்ளிச் சதுரத்தில் 'ணை' எழுதிப் பார்த்தவர் அடுத்த நிமிடமே பெரிய வாசலுக்கு வந்துவிடுவார். முழுக் கருவித்தொகுப்பின் எழுத்துருக் கோப்பு, குறியீடு ஒன்றுக்குப் படம் ஒன்று என்ற எளிய அமைப்பு. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலையை அது செய்யாது. ஆகவே பழைய அச்சுக்கூடத்தின் அச்சுக்கோர்ப்பவரைப் போல நாமே எண்ணி வார்த்துக்கொள்ள வேண்டியதுதான். உயிர் 12, ஆய்தம் 1. அகர உயிர்மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. இகர ஈகார வரிசைகள் 36, உகர ஊகார வரிசைகள் 36. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு, ஔகாரத்தின் பின்பாதி என ஐந்து. மொத்தம் 126 வடிவங்கள். கிரந்த எழுத்துகள் வேண்டுமென்றால் இன்னும் சில.

ஒவ்வொன்றையும் 20 புள்ளி உயரத்தில் வரைந்தால் திரையில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வரும். விளக்கில்லாத திரையிலும் படிக்கலாம். வரிக்கு 24 புள்ளி என்றால் பத்து வரிகள் அடங்கும். பயன்படுத்தாத குறியீடுகளில் இப்படங்களை உட்கார்த்தி, 'கொ' என்று வந்தால் கொம்பு, க, கால் என்ற வரிசையில் பிரித்தடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. வரைவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். நிரல் எழுதுவதற்கு ஒரு நாள்கூடப் பிடிக்காது. ஒருவர் செய்து பொதுவில் வைத்தால் மற்றவர்கள் வரைய வேண்டியதே இல்லை.

தமிழ்க் கதை கையடக்கக் கருவியில் எடுபடுமா என்ற ஐயம் இப்போது வேண்டியதில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் குழு செய்த 'வெண்பா', கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாயின் சமையலறையைக் களமாகக் கொண்டது. 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச் உள்ளிட்ட கருவிகளில் வெளியாகி, 2024-இல் இண்டி கேம் திருவிழாவின் தலைமைப் பரிசையும் பாஃப்டாவின் முதல் கேம் விருதையும் பெற்றது.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. கருவியின் விலையும் அதன்மேல் அஞ்சலும் சுங்கமும் நம் ஊர்க் குடும்பத்துக்குப் பெரிய தொகை. கருவியை வாங்கி விளையாடும் படியில் ரிஷிவந்தியத்துக்காரர் ஏறுவது எளிதல்ல. கேமைச் செய்து விற்கும் படியில் ஏற அவரைத் தடுப்பது எதுவும் இல்லை. பல்ப்புக்கு உலாவியும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் போதும். 25-க்கு 15 கட்டத்தில் ஓர் அறையை வரைந்து, ஓர் ஆளை நடக்கவிட்டுப் பாருங்கள். கைப்பிடிக்கு என்ன வேலை கொடுப்பது என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.